இடது ஃபெண்டர்

வேங்கிக்கால் பட்டறையில் நின்ற பழைய காண்டஸா காருக்கு, மூன்றாவது தடவையாகச் சென்னையிலிருந்து முன்சக்கரத்தை மூடும் தகடான இடது ஃபெண்டர் வந்தது. பம்பரும் வலது ஃபெண்டரும் முதல் நாளே கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. இடது பக்கத்துக்கு வந்தது மட்டும் ஒவ்வொரு தடவையும் கதவுக்கு இரண்டு அங்குலம் எட்டாமல் நின்றது. இப்போதும் அப்படித்தான்.

பட்டறையை நடத்தும் மணிமொழிக்குக் கோபம் தலைக்கேறியது. அளவெடுத்தவன் அவள் தம்பி அன்பரசன்.

"கண்ண எங்கடா வெச்சிருந்த? கிரிவலம் வர்ற மாதிரி சென்னைக்கும் இங்கியும் சுத்திக்கினே இருக்கேன்!"

"சரியாத்தான்க்கா எடுத்தேன். மொதல்ல நாப்பத்தாறு இஞ்ச். அப்புறம் நாப்பத்தெட்டு. போன வாரம் அம்பது."

"ஒரே வண்டிக்கு மூணு அளவா? வண்டி என்ன வளருதா? இப்ப நானே அளக்கறேன். அம்பது இல்லன்னா, நாளையிலேர்ந்து நீ வேற பட்டறை பாத்துக்கோ."

அளக்கும் டேப்பின் கொக்கியைக் கதவு விளிம்பில் மாட்டினாள். டேப் சுருண்டிருக்கும் பெட்டியை முன்விளக்கின் ஓரத்தில் அழுத்திப் பிடித்துக் குனிந்து படித்தாள். ஐம்பத்திரண்டு.

"பாத்தியா லட்சணத்த!" என்று கத்தினாள். பிறகு, "அந்தப் பக்கம் டேப்ப இழுக்காதடா!" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தாள். அன்பரசன் நாலடி தள்ளி, சுவரோடு ஒட்டி நின்றிருந்தான்.

கொக்கி கதவில் மாட்டியபடியே இருந்தது. அவள் கையும் விளக்கை விட்டு நகரவில்லை. உள்ளங்கைக்குள் இருந்த பெட்டியிலிருந்து டேப் மெதுவாக, நூல் நூலாக, வெளியே வந்துகொண்டிருந்தது.