விசில் இல்லாத எஞ்சின்

ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர் பஞ்சநாதன் கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருந்த குட்டி ரயில்பாதையைப் பார்த்து முத்துவேல் சொக்கிப்போனான். பழைய அரியலூர் ஸ்டேஷன், தண்ணீர்த் தொட்டி, பாதையோரம் பஞ்சநாதன் குடியிருந்த ஓட்டுவீடு, எல்லாம் அச்சு அசலாக இருந்தன. பிள்ளைகுட்டி இல்லாத மனுஷர், பொழுது போகச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

ரேடியோ ரிப்பேர் கடைக்காரனான முத்துவேலுக்குக் கரி எஞ்சின் என்றால் உயிர்.

"எல்லாம் இருக்குங்க மாமா. விசில் சத்தம்தான் இல்ல. நானே செஞ்சு எடுத்தாந்துட்டேன்."

"வேணாம்ப்பா."

"விசில் இல்லாம கரி எஞ்சினா? அப்பல்லாம் வூட்டைத் தாண்டுறப்ப நீங்க நீட்டி ஊதுவீங்களாம். அதைக் கேட்டுத்தான் அத்தை உலை வைப்பாங்களாம். ஸ்டேஷன்ல பழைய ஆளுங்க சொன்னாங்க."

பஞ்சநாதன் துணியால் தண்டவாளத்தைத் துடைத்தார். அடுத்தவன் கை வைப்பது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. பேச்சை மாற்ற நினைத்த முத்துவேல், ஓட்டுவீட்டின் குட்டிக் கதவை விரலால் தள்ளிப் பார்த்தான். அது அசையவில்லை.

"பசை வழிஞ்சு கதவு ஒட்டிக்கிச்சு மாமா. பிளேடால கீறி விடட்டுமா?"

"கீறாத. நான்தான் ஒட்டினேன்."

"ஏன் மாமா?"

பஞ்சநாதன் துணியைக் கீழே வைத்தார்.

"எங்க வினோதினிக்கு அப்ப மூணு வயசு. விசில் கேட்டா, அப்பா வந்துட்டாருன்னு தண்டவாளத்துக்கு ஓடியாந்துடும். அவ அம்மா தாப்பா போட்டு வைப்பா. அன்னைக்குப் போட மறந்துட்டா. நான் ஊத மறக்கலப்பா."