ஒரு வாய்த் தண்ணீர்

நான்காம் வகுப்பு ஜெபராணி டீச்சர், அறிவியல் பாடம் தொடங்கும் முன் பாட்டிலைத் திறந்து, ஒரு வாய்த் தண்ணீரை விழுங்காமல் நிறுத்திக்கொண்டார். விடையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும், ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது என்கிறது புதிய பாடத்திட்டம். விளக்கிச் சொல்வதில் அவருக்கு அப்படி ஓர் ஆசை. போன மூன்று சோதனைகளிலும் பொறுக்க முடியாமல் விடையைக் கொட்டிவிட்டார். இன்றும் சொல்லிவிட்டால், பிள்ளைகள் கடைசிவரை தன் வாயைப் பார்த்தே பழகிவிடுவார்கள் என்று பயம். கண்ணாடி டம்ளரின் அடியில் காகிதத்தைத் திணித்து, வாளித் தண்ணீரில் நேராகக் கவிழ்த்து அமுக்கி எடுத்தார். காகிதம் நனையவில்லை. "எப்படி டீச்சர்?" உப்பிய கன்னத்தோடு அவர் டம்ளரைப் பிள்ளைகள் பக்கம் நகர்த்தினார்.

"காலி டம்ளர்ல தண்ணி ஏன் ஏறல?" என்றான் தனிஷ்.

"காலின்னு யாரு சொன்னா?" சுமையா டம்ளரை மறுபடி தண்ணீருக்குள் கவிழ்த்து, லேசாகச் சாய்த்தாள். குமிழி ஒன்று மேலே வந்து உடைந்தது. "காத்துடா. இவ்ளோ நேரம் உள்ள இருந்திருக்கு."

டீச்சருக்குக் கண் கலங்கியது. சுமையா அவரையே உற்றுப் பார்த்தாள். "அப்போ டீச்சர் வாய்ல இருக்கறதும் காத்தா?"

"தண்ணி. குடிச்சாங்க, நான் பாத்தேன்," என்றான் தனிஷ்.

"முழுங்கியிருப்பாங்க. கன்னத்த அமுக்கிப் பாத்தா தெரிஞ்சிடும்."

மணி அடித்தது. ஒருவரும் வெளியே ஓடவில்லை. டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, கன்னத்தைக் காட்டினார்.

"ஆடாதீங்க டீச்சர்," என்று சுமையா விரலை நீட்டினாள்.