இடது காது

என் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்து, வாஸ்லின் தடவி மங்கலாக்கிய மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டு, கைக்கு இரட்டை உறை போட்டு என்னைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த எழுபத்தாறு வயதுக் கிழவி. அரை மணி நேரத்துக்கு அதுதான் என் வேடம்.

மற்றபடி நான் இதே ஈப்போ மருத்துவமனையில், பிரசவ வார்டில், பத்தொன்பது வருடமாக நர்ஸ். பெயர் குமுதா.

ஆபரேஷன் செய்துகொண்ட வயதானவர்களை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எல்லா வார்டு நர்ஸுகளுக்கும் ஒரு நாள் பயிற்சி. நடத்த வந்த கலாதேவி கோலாலம்பூர்க்காரர். எங்கள் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. அதனால்தான் சீட்டுக் குலுக்கிப் போட்டு, எனக்கு நர்ஸாக நிரோஷாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அறை சட்டென்று அடங்கியது.

வரும் திங்கட்கிழமை நிரோஷாவுக்கு விசாரணை. வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம்தான் ஆகிறது. பெரும்பாலும் வேலை போய்விடும். அவள்மேல் புகார் எழுதியவள் நான்.

என் அம்மா செல்லாயி, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் பால்மரம் வெட்டியவள். தோட்டத்தை விற்ற பிறகு குனோங் ராபாட்டில் என்னோடு இருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இங்கேதான் ஆபரேஷன்.

மறுநாள் விடியற்காலையில் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பெரட்டுக்கு நேரமாயிருச்சு, கங்காணி பேரு கூப்பிட்டுருவாரு, வுடு."

தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவதாக நினைத்து, கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தாள். யார் என்ன சொல்லியும் அவள் காதில் விழவில்லை. அந்த வார்டில் டூட்டியில் இருந்த நிரோஷா அவளுடைய இரண்டு கைகளையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டாள்.

ஆறாம் நாள் அம்மா போய்விட்டாள்.

நான் அழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உட்கார்ந்து புகார் எழுதினேன். ஒன்று, கையைக் கட்டியது. இரண்டு, அம்மாவின் காது மெஷினைத் தொலைத்தது. காது கேட்டிருந்தால் அம்மா மிரண்டிருக்க மாட்டாள், கட்ட வேண்டிய நிலையே வந்திருக்காது என்று அழுத்தமாக எழுதியிருந்தேன். எழுத்தில் நான் கெட்டிக்காரி.

லாக்கர், மெத்தைக்கு அடி, அழுக்குத் துணி மூட்டை என்று எல்லா இடத்திலும் தேடியதாக நிரோஷா பதில் எழுதியிருந்தாள். நான் நம்பவில்லை என்று அதற்கும் ஒரு கடிதம் போட்டேன்.

மூன்று மாதம் ஆகிறது. எனக்கு எதுவும் உறைப்பதில்லை. குழம்பில் உப்பு இல்லை என்று வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். பிறந்த குழந்தைகளைக் கையில் வாங்குகிறேன், துடைக்கிறேன், தாயிடம் கொடுக்கிறேன். அவ்வளவுதான்.

எல்லோரும் பைகளை மூலை மேசையில் வைத்திருந்தார்கள். நான் மட்டும் என் கைப்பையைத் தலையணை ஓரத்திலேயே வைத்துக்கொண்டேன்.

கலாதேவி ஆரம்பிக்கச் சொல்லிக் கையசைத்தார்.

ஒரு வெள்ளை உருவம் என்னை நோக்கி வந்தது. ஏதோ பேசியது. அடைமழையில் தகரக் கூரைக்குக் கீழே நின்று பேசுவதுபோல் இரைச்சல்தான் கேட்டது. என் கையைத் தொட்டது. உறைக்கு மேல் அழுத்தம் தெரிந்தது, கை தெரியவில்லை.

இவள் யார், என்னை என்ன செய்யப்போகிறாள் என்று ஒரு கணம் எனக்கே புரியவில்லை. நடிப்பை மறந்து எழுந்து உட்காரப் பார்த்தேன்.

பயம். மூன்று மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

அவள் என்னை அழுத்திப் பிடிக்கவில்லை. கட்டிலைச் சுற்றி வந்து என் இடது பக்கம் நின்றாள். முகத்துக்கு நேராகக் குனிந்தாள். காதருகில் நிதானமாக, சத்தமாகக் கேட்டாள்.

"அம்மா, பயப்படாதீங்க. ஒங்க காது மெஷின் எங்கம்மா இருக்கு? நான் போட்டு வுடுறேன்."

காலையில் கலாதேவி சொல்லிக் கொடுத்த பாடம். கண்ணாடி, பல்செட், காது மெஷின். அதையெல்லாம் கொடுத்துவிட்டு, பிறகு பேச வேண்டும்.

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். கையுறைகளை உருவிப் போட்டேன். கைப்பையை மடிக்கு இழுத்து, உள் ஜிப்பைத் திறந்தேன்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போவதற்கு முன் அம்மாவின் காதிலிருந்து நானே கழற்றியது. வார்டில் விட்டால் அழுக்குத் துணியோடு போய்விடும் என்று ஒரு நர்ஸுக்குத் தெரியாதா? கூட வேலை செய்கிறவள் என்பதால் நோயாளியின் பொருள் பட்டியலில் என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. டூட்டிக்கு ஓடியவள் திருப்பிப் போட மறந்துவிட்டேன். புகார் கொடுத்த மறுவாரம், பேனா தேடும்போது கையில் தட்டுப்பட்டது. அன்றிலிருந்து பையை மாற்றவில்லை.

மெஷின் இருந்த சிறிய டப்பாவை நிரோஷாவின் உள்ளங்கையில் வைத்தேன்.

கலாதேவி கைதட்டியது பஞ்சையும் தாண்டிக் கேட்டது.

"பாருங்கலா, நடிக்கப் பொருளோடயே வந்திருக்காங்க."

வேறு யாரும் கைதட்டவில்லை. நிரோஷா டப்பாவின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பிளாஸ்டர் ஒட்டி, 'செல்லாயி, இடது காது' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு கடிதங்களில் படித்திருக்கிறாள்.

அவள் உதடு அசைந்தது. ஏதோ மெதுவாகச் சொன்னாள்.

நான் இடது காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.