முதல் பரிசு வாங்கிய படம்

கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு புகைப்படக்காரரின் கூத்தைச் சொல்கிறேன்.

ஊர் ஊராகப் போய்ப் பாழடைந்த வீடுகளையே படமெடுப்பவர் அவர். போட்டியில் முதல் பரிசு வாங்கிவிட வேண்டும் என்பதுதான் ஒரே ஆசை. இந்த முறையும் அது வேறு யாருக்கோ போய்விட்டது. பரிசுப் படத்தைப் பத்திரிகையில் பார்த்ததும் அவருக்கு வயிறு எரிந்தது.

“எழுத்தழிஞ்ச பெயர்ப்பலகை, ஒத்தைக் கீல்ல தொங்குற கதவு, தபால் பெட்டிக்குள்ள குருவிக்கூடு! எந்த ஊரு, யாரு எடுத்ததுன்னு ஒண்ணும் போடலையே, பாவிங்க! தேடிக் கண்டுபிடிக்காம விடமாட்டேன். பெட்டிய எடு!”

“பெட்டி எதுக்குங்க?” என்றாள் மனைவி. “தெருவில இறங்கி, திரும்பி நின்னு நம்ம வாசலப் பாருங்க. கதவை மட்டும் மெல்லத் திறங்க, மிச்சமிருக்கிற கீலும் கழண்டுடும்.”

“இந்தப் படத்த எவன்டி எடுத்தான்?”

“எவனும் இல்ல. நான்தான்.”

உங்கள் வீட்டுக் கதவு கீல் கழலாமல், உள்ளே சிரிப்புச் சத்தம் குறையாமல் இருக்கட்டும், தங்கங்களா.