காது திரும்பட்டும்

“ஒரே ஒரு ஹாரன் அடிக்கா. குதிரை தானா ஓரம் போயிடும்” என்றேன்.

“ஓரம் போகாது. தாத்தாவையும் தூக்கிக்கிட்டு மேல போயிடும்” என்றாள் அக்கா, வேகத்தைக் குறைத்தபடி.

அந்த வருஷம் எங்கள் காலைகள் எல்லாம் இப்படித்தான்.

அக்காவின் எலெக்ட்ரிக் பைக் பூனை மாதிரி. பக்கத்தில் வந்து நிற்கும்வரை யாருக்கும் தெரியாது. அதனால், தினமும் அந்த ரோட்டில் எங்களுக்கு முன்னால் குதிரை சவாரி போகும் குதிரைத் தாத்தா ஒரு சட்டம் போட்டிருந்தார். தூரத்திலேயே பேச்சுக் கொடுக்க வேண்டும். குதிரையின் காது பின்பக்கம் திரும்பினால் நம் குரல் கேட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே அவர் கை காட்டுவார். அப்புறம்தான், நல்ல இடம் விட்டு மெதுவாகத் தாண்டலாம்.

அந்தக் காது என்றைக்குத் திரும்பியது?

“தாத்தா, பின்னாடி நாங்கதான்.”

“யாரு, லேப் பொண்ணா? பேசிக்கிட்டே வாம்மா. நம்ம ஆளு இன்னும் கவனிக்கல.”

அக்கா பேசினாள். நேற்றைய மழை, வீட்டில் புகுந்த எலி, அதைப் பார்த்து அப்பா கட்டிலில் ஏறியது.

தாத்தா சிரித்தார். “அப்பல்லாம் இந்த ரோட்டுல நாலு குதிரை வரிசையா வருவோம். எங்க வீட்டம்மா முன்னால போவா. திரும்பிக்கூடப் பாக்காம, ‘குதிகாலை இறக்குங்க’ன்னு என்னைத் திட்டுவா. இப்பச் சொல்ல ஆளில்ல. பாரு, குதிகால் மேலயே நிக்குது.”

தாத்தாவின் அந்தக் குரலை இப்போது யார் கேட்டாலும் அப்படியே பேசிக் காட்டுவேன். ஆனால் அன்றைக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வேறு குரல் எடுத்தேன். அக்காவின் மேனேஜர் குரல்.

“மேடம், இன்னொரு நாள் லேட்டா வந்தீங்கன்னா வேற இடம் பாத்துக்கங்க.”

அக்காவின் முதுகு விறைத்தது. முந்தின நாள்தான் அவர் நிஜமாகவே அப்படிச் சொல்லியிருந்தார். அக்காவின் லேப் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

பாலம் தாண்டிய பிறகுதான் தாத்தாவின் கை எழுந்தது. விலகிப் போய், குதிரை பின்னால் சின்னதாகும்வரை அக்கா ஆக்சிலரேட்டரைத் திருகவே இல்லை. பிறகு என்னைப் பள்ளி வாசலில் உதறிவிட்டுப் பறந்தாள்.

சாயங்காலம் எதிர்வீட்டுக் கால்நடை டாக்டரிடம் தாத்தாவை நடித்துக் காட்டினேன். கையைத் தூக்குமுன் அவர் தொண்டையைச் செருமுவதைக்கூட விடவில்லை. டாக்டருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

“காது திரும்பணுமாமா?” என்றார். “டேய், அந்தக் குதிரைக்குக் காது போய் ரெண்டு வருஷமாச்சு. நான்தான் பாத்தேன். அவர்கிட்டயும் சொல்லிட்டேனே.”

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடினேன். அக்கா வண்டியைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“கிழவர் மாட்டிக்கிட்டாருக்கா” என்று ஆரம்பித்து, டாக்டர் குரலிலேயே எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தெரியும்” என்றாள்.

“தெரியுமா? சரி விடு. நாளையிலேர்ந்து பேச்சே வேண்டாம். அது கண்ணுல படுற மாதிரி சுத்தி விலகிப் போயிட்டே இருக்கலாம். உன் வேலையும் தப்பிச்சுது.”

“நாளையிலேர்ந்து கால்மணி நேரம் முன்னாடி கிளம்புறோம். அலாரம் வெச்சுட்டேன். எழுப்புறப்ப மயக்கம் போட்ட மாதிரி நடிக்காத.”

“எதுக்கு? அதான் காது கேக்காதே.”

அக்கா பிளக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

“குதிரைக்குத்தானேடா கேக்காது?”