நடுவில் ஒரு கை

சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டிப் போட்டிருக்கிறது. நாளைக்குக் குழந்தையின் பிறந்தநாள். குடும்பத்தில் எல்லார் கையையும் பழைய பிஸ்கட் அட்டையில் வைத்து வரைந்து, வெட்டி, வண்ணம் பூசி, விரலோடு விரல் ஒட்டித் தோரணமாக்கியிருக்கிறாள் குழந்தையின் அம்மா. கடைத் தோரணம் பளபளக்கும்தான். யார் கையும் அதில் இருக்காது. இந்தச் சுவர் ஆணியிலிருந்து எதிர்ச்சுவர் ஆணி வரை தொங்கும் கைகள் மின்விசிறிக் காற்றில் லேசாக அசைகின்றன. கீழே குழந்தை, மூக்கு நுனியில் பசையோடு, மீந்த அட்டையில் பூனைக்கும் ஒரு கால் வெட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே வரும் தாத்தா தன் அகலக் கையைக் கண்டுபிடித்துச் சிரிக்கிறார். அதைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி வளைந்துபோன சுண்டுவிரல். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள் என்று அவர் தலைமுழுகிவிட்ட இளைய மகளின் கை.

"இதை எடு."

"அது சித்தி கை தாத்தா! நான்தான் சுத்தி வரைஞ்சேன்," என்கிறது குழந்தை.

"அவ பேச்சே இந்த வீட்டுல கூடாதுன்னு சொன்னேன்ல?"

குழந்தையின் அம்மா, அவரது மூத்த மகள், தோரணம் கட்ட ஏறிய நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. கத்தரிக்கோலின் பசையை முந்தானையில் துடைத்து, பிடி அவர் பக்கம் வரும்படி நீட்டுகிறாள்.

"நீங்களே வெட்டுங்கப்பா. உங்க கையை அவ கையிலதான் ஒட்டியிருக்கேன். அவளை எடுத்துட்டா, அந்தரத்துல தொங்கப் போறது உங்க கைதான்."