முதல் போணி

"வா கண்ணு. என்ன, நேர்லயே வந்துட்டே? போன்ல பேசறது பத்தலையா?" என்று சிரித்தபடி கதவைத் திறந்தாள் தங்கநாயகி.

வீட்டிலிருந்தே விற்றுவந்த ரசப்பொடிக்குப் பெருந்துறையில் சொந்தக் கடை திறக்கிறாள் கோகிலா. அக்காவை அழைக்கக் குங்குமச் சிமிழோடு வந்திருந்தாள்.

"ஒரு வருஷமா அலைச்சல்க்கா. உன்கூடப் பேசக்கூட முடியல, கோவிச்சுக்காதே."

"என்ன சொல்ற? தினமும் சாயங்காலம் பேசறியே! மார்புல கட்டின்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு, நான் அழுது முடிக்கிற வரைக்கும் நீதானே கூட இருந்தே?"

கோகிலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வாடிக்கையாளர்களிடம் பேசுவதற்கென்று தன் முகத்தோடும் குரலோடும் ஒரு ஏஐ நகலை அவள் அமர்த்தியிருந்தாள். ராசியான கை என்று முதல் பொட்டலத்தை அக்காவிடம்தான் போணி செய்திருந்தாள். நகல் அழைக்கும் வாடிக்கையாளர் பட்டியலில் முதல் எண் அக்காவுடையது.

"அது நான் இல்லக்கா. வியாபாரத்துக்கு வெச்ச என் நகல். எனக்கு இப்பத்தான் தெரியும். கட்டி... இப்ப எப்படி இருக்கு?"

தங்கநாயகி தங்கையையே பார்த்தாள்.

"மறுபடியும் முதல்லேர்ந்து சொல்ல எனக்குத் தெம்பில்ல."

மேசைமேல் போன் ஒலித்தது. திரையில் கோகிலாவின் முகம் மலர்ந்தது.

"அக்கா, மாத்திரை போட்டியா?"

தங்கநாயகி போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"போட்டுட்டேன் கண்ணு. கொஞ்சம் இரு, வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க."